பகாங் காற்பந்தும் அதனை ஆண்ட சட்டங்களும்

கேமரன் மலையின் நடுவூராகிய தானா ராத்தாவின் பெயருக்கு மலாய் மொழியில் 'சமதரை' என்பது பொருள். நிமிர்ந்தால் மலையும் குனிந்தால் பள்ளமுமாகக் கிடக்கும் அந்நாட்டில் சற்றே மட்டமான நிலம் கிடைத்தது ஒரு செய்தியாக இருந்திருக்க வேண்டும். அதுவே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை அமைந்தபின் வேறு சில தோட்டங்களும் எழுந்தன. காடு வெட்டியும் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் அத்தோட்டங்களை உருவாக்கியோருள் தமிழர் பெருந்தொகையினர்.

மலாயாத் தோட்டத் தமிழரின் வாழ்வை அறிந்தோர், லயத்தை அடுத்து மூன்று இடங்களைக் குறிப்பிடுவர்: கோயில், பள்ளி, திடல். மாலையில் வேலை முடிந்ததும் இளைஞர் கூடும் இடம் திடலே. ரப்பர்த் தோட்டங்களில் அதற்கு இடம் காண்பது எளிது. தேயிலைச் சரிவுகளில் அஃது அரிது. பந்து ஒருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டினால் எடுத்து வர ஓர் ஆள் பள்ளத்தில் இறங்கவேண்டும். ஆயினும் இம்மக்களுக்குக் காற்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. படிப்பும் பணமும் இல்லாத தோட்டத்துப் பிள்ளை தன் பெயரை நாடறியச் செய்தற்கு இருந்த சில வழிகளுள் அதுவும் ஒன்று. அவ்வழி எவ்வளவு அகலமாயிருந்தது, எப்போது அகன்றது, எப்போது குறுகியது என்பதை முடிவு செய்தவை ஆட்டக்காரரின் கால்கள் மட்டுமல்ல. தலைநகரில் கூடிய சங்கங்களும் அவை இயற்றிய சட்டங்களும் அதில் பெரும்பங்கு கொண்டன. இந்த வரலாறு காற்பந்து விரும்பாதவரும் அறியத்தக்கது.

முதலில் எல்லையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் நெடுங்காலம் அம்மலைக்கு ஏறும் சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்தே சென்றது. தேயிலைப் பெட்டி இறங்கியதும் அரிசி மூட்டை ஏறியதும் அவ்வழியே. மாநிலத் தலைநகராகிய குவாந்தானோ நடுமலைத் தொடருக்கு அப்பால், கீழைக் கடற்கரையில் இருக்கிறது. ஆகவே கேமரன் மலைத் தமிழர் பழக்கத்தால் பேராக்கை நோக்கியும் சட்டத்தால் பகாங்கை நோக்கியும் வாழ்ந்தவர். விளையாட்டில் இது சிறிய செய்தியன்று. ஏனெனில் மலாயாவின் காற்பந்து மாநிலத்தை அலகாகக் கொண்டு எழுந்தது. இங்கிலாந்தில் ஊர்க் கழகங்களும் ஆலைத் தொழிலாளர் கழகங்களும் போட்டியிட்டன. இங்கு மாநிலத்தோடு மாநிலம் மோதியது.

அவ்வாறு அமைந்ததற்குக் காரணம் ஒரு போர்க்கப்பல். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள் தம் செலவில் பிரிட்டனுக்கு ஒரு கப்பலை அளித்தன. 'மலாயா' எனப் பெயர் பெற்ற அக்கப்பல் 1916-இல் ஜட்லாந்துக் கடற்போரில் கலந்துகொண்டது. 1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மலாயாவுக்கு வந்தபோது மாலுமிகள் பல ஊர்களில் ஆட்டங்கள் ஆடினர். பெற்ற உபசாரத்துக்கு நன்றியாக அவர்கள் அளித்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டே ஆறு அணிகள் அதற்காகப் போட்டியிட்டன. சிங்கப்பூர் முதல் வெற்றியைப் பெற்றது. 1967 முதல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் என வழங்குகிறது. பகாங் மக்களின் வரிப்பணமும் சேர்ந்து கட்டிய கப்பல் தந்த கிண்ணத்தைப் பகாங் முதன்முதலாக வென்றது 1983-இல். அறுபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாநிலமே அலகு என்னும் விதியால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. ஓர் ஆட்டக்காரன் எச்சாதியானாலும் எம்மொழியினனாயினும், மாநிலச் சட்டையை அணிந்த கணத்தில் அம்மாநிலத்தார் அனைவர்க்கும் உரியவனானான். 1960-களில் நா. தனபாலனும், 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற தேசிய அணியின் தலைவராக மு. சந்திரனும், அடுத்துப் பல்லாண்டு இலக்குக் காவலராக ரா. ஆறுமுகமும் பெற்ற புகழ் இவ்வகையது. நீண்ட கைகளால் 'சிலந்தி மனிதர்' என்று அழைக்கப்பட்ட ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தபோது நாடே துக்கம் கொண்டாடியது. தீமை யாதெனின், மாநிலத்துக்கு ஓர் அணி மட்டுமே இருந்தது. அதில் இடம்பெறாத திறமைசாலிக்குப் போக்கிடம் குறைவு. தலைநகருக்கு அருகிலிருந்த சிலாங்கூர்ச் சிறுவன் தேர்வாளர் கண்ணில் பட்டது போல மலையுச்சியில் இருந்தவன் படுவதற்கில்லை.

மலாயாக் கிண்ணம் நீண்டகாலம் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகவே இருந்தது. 1979-இல் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறை புகுத்தப்பட்டது. 1982 முதல் அந்த லீக்கில் முதலிடம் பெறுவோர்க்குத் தனி விருது உண்டாயிற்று. 1989-இல் அரைத்தொழில்முறை லீக் பிறந்தது. அதுவரை வங்கியிலோ மின்வாரியத்திலோ நகராண்மைக் கழகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சி செய்தவர், ஒப்பந்தத்தின்படி ஊதியம் பெறும் ஆட்டக்காரர் ஆயினர். இரு பிரிவுகள் வந்தன. கீழ்ப்பிரிவில் வென்றவர் ஏறவும் மேற்பிரிவில் தோற்றவர் இறங்கவும் வழி ஏற்பட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரரை வரையறுத்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1982 முதல் 1998 முடியப் பதினேழு பருவங்களில் லீக் விருதைப் பெற்ற அணிகள் பத்து. பினாங்கு, மலாக்கா, சிலாங்கூர், சிங்கப்பூர், கோலாலம்பூரை உள்ளடக்கிய கூட்டரசுப் பிரதேசம், பகாங், ஜொகூர், கெடா, சபா, சரவாக் என்பன அவை. இவற்றுள் எதுவும் மூன்று முறைக்கு மேல் வெல்லவில்லை. 1991 முதல் 1998 வரையுள்ள எட்டுப் பருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், தொடர்ந்து ஈராண்டு வென்ற அணியே இல்லை. 1996-இல் சபாவும் 1997-இல் சரவாக்கும் வென்றன. தென்சீனக் கடலுக்கு அப்பாலுள்ள அவ்விரு மாநிலங்களும் அடுத்தடுத்துத் தீபகற்ப அணிகளை முந்தியது, முந்திய தலைமுறையினர் கனவிலும் காணாதது. பகாங் 1987, 1992, 1995 ஆகிய மூன்றாண்டுகளில் முதலிடம் பெற்றது. 1992-இல் லீக்கோடு மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. அந்த அணியின் முன்னணியில் நின்றவர் சிங்கப்பூரின் பாண்டி அகமது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1987 முதல் 1989 வரை, அவர் கோலாலம்பூருக்காகத் தொடர்ந்து மும்முறை அதே கிண்ணத்தை வென்றவர் என்பதை நினைத்தால், திறமை ஒரே இடத்தில் தேங்காமல் மாநிலத்துக்கு மாநிலம் ஓடியதை உணரலாம்.

ஏன் அவ்வாறு ஓடியது? அணிகளுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. மாநில அரசும் அதன் நிறுவனங்களும் கொடுத்த பணம், வாயில் வசூல், ஓரிரு வணிக நிறுவனங்களின் ஆதரவு ஆகியவையே எல்லோர்க்கும் வருவாய். ஒரு மாநிலத்தின் கருவூலம் மற்றொன்றினும் பெரிதாயினும், அதனைக் காற்பந்துக்காகத் திறந்துவிட எந்த மந்திரி பெசாரும் துணியமாட்டார். வெளிநாட்டாரின் எண்ணிக்கைக்கும் அனைவர்க்கும் ஒரே வரம்பு. ஆகவே இவ்வாண்டு தாழ்ந்த அணி, நல்ல பயிற்சியாளர் ஒருவரையும் தேர்ந்த வெளிநாட்டார் இருவரையும் கொணர்ந்து மறுவருடம் தலைதூக்க முடிந்தது. செல்வத்துக்கு உச்சவரம்பு எழுத்தில் இல்லை. ஆனால் அணிகள் அமைந்த முறையே ஒரு வரம்பாக இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்நிகர்நிலையே அக்காலத்துப் போட்டியின் உயிர்நாடி எனலாம்.

அந்த உயிரை வேறொரு நோய் தின்றது. 1994-இல் சிங்கப்பூர் லீக், கிண்ணம் இரண்டையும் வென்ற ஆண்டிலேயே, பணம் பெற்றுக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் ஊழல் வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் பெற்றனர். ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். சிலர் வதிவிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி தொலைவான ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளையர் ஆட்சியில், 1933-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் காற்பந்து வீரர்மீது பாயும் என எவரும் எண்ணியிரார். வாயில் வசூலைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கும் சேர்ந்துகொள்ளவே, சிங்கப்பூர் அவ்வாண்டோடு விலகித் தனக்கென ஒரு லீக்கை அமைத்துக்கொண்டது. 1921 முதல் கிண்ணத்தோடு ஒட்டி வளர்ந்த உறவு முறிந்தது. திடல்களில் கூட்டம் குறைந்தது. தான் காண்பது மெய்யான ஆட்டமா என்னும் ஐயம் பிறந்தபின் எவன் காசு கொடுத்து உள்ளே போவான்?

இத்தகைய நோய்க்கு அமெரிக்கர் ஒரு மருந்து கண்டிருந்தனர். மலாயாக் கிண்ணம் பிறந்த 1921-ஆம் ஆண்டிலேயே அது நடந்தது. 1919-இல் சிகாகோ அணி பேஸ்பால் இறுதிப் போட்டியைப் பணத்துக்காக விட்டுக்கொடுத்தது என்னும் குற்றச்சாட்டு எழுந்தபோது, அணி உரிமையாளர்கள் கூடி, கெனசா மவுண்டன் லேண்டிஸ் என்னும் கூட்டாட்சி நீதிபதியை ஆணையராக அமர்த்தினர். தம்மையும் தண்டிக்கும் அதிகாரத்தை அவர்க்குத் தாமே எழுதிக் கொடுத்தனர். 1921-இல் நீதிமன்றம் எட்டு ஆட்டக்காரரைக் குற்றமற்றோர் என விடுவித்தது. மறுநாளே லேண்டிஸ் அவ்வெண்மரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கினார். 'ஆணையர்' என்னும் பதவி அமெரிக்க விளையாட்டுகளில் வேரூன்றியது அவரால்தான். ஆட்டத்தின் நேர்மையில் மக்களுக்கு நம்பிக்கை திரும்பியதும் உண்மை. ஆனால் அவர் 1944-இல் இறக்கும்வரை கறுப்பினத்தார் ஒருவரும் அந்தப் பெருலீக்குகளில் ஆடவில்லை. 1947-இல்தான் ஜாக்கி ராபின்சன் நுழைந்தார். வலிய கை ஒன்று வீட்டைத் தூய்மை செய்யும். கதவைத் திறக்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்கரின் இன்னொரு மருந்து இதனினும் ஆழமானது. அவர்களுடைய காற்பந்து லீக்கில் 1936 முதல், முந்திய ஆண்டில் கடைசியில் நின்ற அணியே புதிய ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 1961-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் துணையோடு, ஆணையர் பீட் ரோசல் தொலைக்காட்சி வருவாயை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடச் செய்தார். 1994-இல் ஊதிய உச்சவரம்பும் சேர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கிரீன் பே, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் சிறு நகரம். அதன் அணிக்குத் தனி உரிமையாளர் இல்லை. 1923 முதல் ஊராரே பங்கு வாங்கி நடத்துகின்றனர். அத்தகைய அணி நியூயார்க்கோடும் சிகாகோவோடும் மோதிப் பதின்மூன்று முறை வாகை சூடியிருக்கிறது. அவற்றுட் சில இவ்விதிகள் வருமுன் பெற்றவை என்பது மெய்; ஆனால் பணம் பெருவெள்ளமாக வந்த பிற்காலத்திலும் அச்சிற்றூர் கரையேறி நின்றதற்கு இவ்விதிகளே துணை. முதலாளித்துவத்தின் தலைமகனாகிய அமெரிக்கா விளையாட்டில் மட்டும் வருவாயைச் சமமாகப் பங்கிடுவது வியப்பூட்டும் செய்தியே.

இங்கிலாந்தார் எதிர்வழியில் சென்றனர். அங்கு ஆட்டக்காரர்க்கு வாரம் 20 பவுன் என்றிருந்த ஊதிய உச்சவரம்பு 1961-இல் நீக்கப்பட்டது. உழைப்பவனுக்கு நீதி கிடைத்தது. சிறு நகரக் கழகங்களுக்கு இடர் தொடங்கியது. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

மலேசியா மீண்டும் தன்வழி தேடிய காலம் அடுத்தது. 2004-இல் சூப்பர் லீக் தொடங்கியது. அதன் முதல் வாகையர் பகாங் அணியினர். 2013 வரையிலான பத்துப் பருவங்களில் ஏழு அணிகள் வென்றன. நாட்டின் மிகச்சிறிய மாநிலமாகிய பெர்லிஸ் 2005-இல் வென்றது. இக்காலத்தில் காற்பந்துச் சங்கம் செய்த ஒரு விதிமாற்றம் தமிழர் நினைவில் வைக்கத்தக்கது. 2009 முதல் 2011 முடிய வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் லீக்கில் ஆடலாகாது எனச் சங்கம் தடை விதித்தது. அன்றியும், தேசிய இளைஞர் அணியை இரண்டாம் பிரிவில் ஓர் அணியாகவே ஆடவிட்டது. 2009-இல் அவ்வணியே அப்பிரிவை வென்றது. அதுவரை வெளிநாட்டார்க்கென ஒதுக்கப்பட்டிருந்த முன்னணி இடங்களில் இருபது வயது இளைஞர் நின்றனர்.

அந்த இளைஞரைத் திரட்டி ஆடவைத்தவர் கி. ராஜகோபால். தம் காலத்தில் தேசிய அணிக்கு ஆடிய முன்னணி வீரர். 2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் அவருடைய அணி வியட்நாமை 1–0 என வென்று, இருபது ஆண்டுக்குப்பின் தங்கம் பெற்றது. மறுவருடம் டிசம்பரில் தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் இந்தோனேசியாவைக் கோலாலம்பூரில் 3–0 என வென்றது. ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றபோதிலும் மொத்தத்தில் 4–2 எனக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. மலேசியா அதனை வென்றது அதுவே முதன்முறை. இவ்வெற்றிக்குத் தடைவிதி மட்டுமே காரணம் என்றால் அது ராஜகோபாலின் உழைப்பைக் குறைப்பதாகும். ஆனால் ஆட்டநேரம் கிடையாத இளைஞனை எந்த ஆசானும் தேற்ற முடியாது. கிண்ணத்தைத் தந்த அவ்விதியை 2012-இல் சங்கம் எடுத்துவிட்டது. வெளிநாட்டார் இல்லாமல் லீக் சுவைக்கவில்லை, ஆசியப் போட்டிகளில் கழகங்கள் பின்தங்குகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை.

அடுத்து வந்தது பெரும் மாற்றம். 2012-இல் ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் அம்மாநிலக் காற்பந்தின் பொறுப்பை ஏற்றார். 2013-இல் ஜொகூர் டாருல் தக்சிம் என்னும் பெயரில் அணி புத்துருப் பெற்றது. அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் போன்ற உலகப் புகழ் பெற்றோர் அங்கு வந்து ஆடினர். நல்ல பயிற்சித் திடல், மருத்துவ வசதி, காலந்தவறாத சம்பளம், புதிய விளையாட்டரங்கு என எல்லாம் எழுந்தன. 2015-இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் மலேசியக் கழகமாகவும் அது சிறந்தது. நாட்டின் காற்பந்து எவ்வளவு உயரலாம் என்பதை ஜொகூர் காட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் லீக் என்னும் போட்டி என்னாயிற்று? 2014 முதல் 2024–25 பருவம் முடியப் பதினொரு பருவங்களிலும் வாகை சூடியது அந்த ஓரணியே. பத்து அணிகள் பங்கிட்டுக்கொண்ட விருது ஒரே வீட்டில் தங்கிவிட்டது.

இதற்கு ஜொகூரைக் குறைகூறுதல் பொருந்தாது. விதி தடுக்காத முயற்சியை ஒருவர் செய்ததில் குற்றமில்லை. குறை விதியிலேயே உள்ளது. முன்னே இயல்பாக இருந்த வரம்பு மறைந்தபோது அதனிடத்தில் எழுத்து வரம்பு ஒன்றும் வைக்கப்படவில்லை. 2015-இல் லீக்கை நடத்தத் தனி நிறுவனம் அமைந்தது; கெவின் ராமலிங்கம் அதன் தலைமைச் செயலதிகாரியாகப் பணியாற்றினார். பின்னர் மாநிலச் சங்கங்கள் கழகங்களாக மாறவேண்டும், கணக்குக் காட்டி உரிமம் பெறவேண்டும், சம்பளப் பாக்கி வைத்தால் புள்ளி குறைக்கப்படும் என்னும் விதிகள் வலுப்பெற்றன. அவை வேண்டியவையே, மாதக்கணக்கில் ஊதியமின்றி வாடிய ஆட்டக்காரரின் குடும்பங்கள் பல. எனினும் இவ்விதிகள் அனைத்தும் இல்லாதவனைக் கேள்வி கேட்பவை. உள்ளவன் எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தொடாதவை. விளைவாக, மேலே ஓரணி அசையாது நிற்க, கீழே அணிகள் உதிர்ந்தன. 2023-ஆம் பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகியவை உரிமம் பெறவில்லை.

விதியை எழுதுவோர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். 1951 முதல் இருபதாண்டுக்கு மேல் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தார். நாட்டின் முதற்பிரதமரே அவர். 1984 முதல் 2014 வரை முப்பதாண்டுகள் அப்பொறுப்பை வகித்தவர் பகாங் சுல்தான் ஹாஜி அகமது ஷா. 1994 முதல் 2002 வரை ஆசியக் கூட்டமைப்புக்கும் அவரே தலைவர். அவருக்குப்பின் அவர் மைந்தர் தெங்கு அப்துல்லா 2017 வரையும், அடுத்து ஜொகூரின் துங்கு இஸ்மாயில் ஓராண்டும் தலைமை வகித்தனர். ஆக, நாட்டின் காற்பந்துக்குக் கோல் ஏந்தியவர் ஒரு மாநில அணியின் புரவலராகவும் இருந்த நிலை நெடுநாள் நீடித்தது.

அந்நிலை பகாங்கிற்குச் சலுகை ஆயிற்றா? கணக்கு அப்படிக் கூறவில்லை. அம்முப்பதாண்டுகளில் பகாங் லீக்கை வென்றது ஐந்து முறை. சிலாங்கூர் வென்றது ஆறு முறை. ஜொகூரின் தொடர்வெற்றியும் துங்கு இஸ்மாயில் சங்கத் தலைவராவதற்கு முன்னே தொடங்கி, அவர் விலகியபின்னும் தொடர்ந்தது. ஆட்களின்மீது ஐயம் கொள்ள இடமில்லை. ஆயினும் ஆட்சிமுறையைப் பற்றிப் பேசும்போது ஆளின் நற்பண்பு போதிய விடையாகாது என்பதைத் தமிழகத்து ஊர்ச்சபையார் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே உணர்ந்திருந்தனர். முதற் பராந்தக சோழனின் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுக்கு நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் இடத் தகாதவர். அண்மை மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரும் மீண்டும் வரலாகாது. ஏரி வாரியத்தில் நீர் பங்கிடுபவன் தன் வயலுக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்வான் என்று அவர்கள் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. அந்த ஐயமே எழாதபடி விதி செய்தனர்.

இக்காலத்துச் சென்னையும் இதே பாடத்தைக் கற்றது. 2008-இல் இந்தியன் பிரிமியர் லீக் என்னும் கிரிக்கெட் போட்டி தொடங்கியபோது லலித் மோடி அமெரிக்க வழக்கப்படி 'கமிஷனர்' என்றே பெயர் பூண்டார். ஏலத்தில் ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு, களத்தில் நான்கு வெளிநாட்டார்க்கு மேல் இல்லை, சில ஆண்டுக்கொருமுறை ஆட்டக்காரரைக் கலைத்து மீண்டும் ஏலம் என்னும் விதிகள் அமைந்தன. அதனால் 2008 முதல் 2025 வரை பதினெட்டுப் பருவங்களில் எட்டு அணிகள் வென்றன. ஆனால் அதே 2008-இல், வாரிய அதிகாரிகள் இப்போட்டியில் வணிகத் தொடர்பு கொள்ளலாம் என விதி திருத்தப்பட்டிருந்தது. வாரியத் தலைவராக உயர்ந்த ந. சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியின் உரிமையாளராக இருந்தது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென நீக்கியது. அவ்வாண்டு ஜூலையில் லோதா குழு, அணி நிர்வாகத்தார் ஒருவர் பந்தயம் கட்டிய குற்றத்துக்காகச் சென்னை அணியை ஈராண்டு விலக்கியது. 2018-இல் திரும்பி வந்த அவ்வணி அவ்வாண்டே வென்றது. கடுமையான தீர்ப்பால் விளையாட்டும் கெடவில்லை, அணியும் கெடவில்லை.

மீண்டும் மலேசியாவுக்கு வருவோம். மாநில அணிகளில் தமிழ் இளைஞர்க்கு இடம் சுருங்குகிறது என்னும் கவலையால், மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் தானே ஓர் அணியை லீக்கில் இறக்கியது. 'மிஃபா' எனப்பட்ட அச்சங்கத்தின் பெயரைத் தாங்கிய அணி 2017-இல் இரண்டாம் பிரிவில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. தோட்டத் திடலில் தொடங்கிய நெடும்பயணத்தில் அதுவே மிக உயர்ந்த படி. மாநிலமும் இல்லை, கருவூலமும் இல்லை, அரச ஆதரவும் இல்லை. ஒரு சமூகத்தின் ஊக்கமே முதல். நான்கு பருவங்கள் தாக்குப்பிடித்த அவ்வணி 2023-ஆம் பருவம் தொடங்குமுன் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

பகாங்கின் கதையும் ஏறக்குறைய அவ்வாறே முடிந்தது. 2013, 2014 ஆகிய ஈராண்டும் மலேசியக் கிண்ணத்தை வென்ற அம்மாநிலம், 2021 முதல் ஸ்ரீ பகாங் என்னும் கழகமாக ஆடியது. 2025 ஏப்ரல் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரை எதிர்த்து நின்று 1–2 என்னும் கணக்கில் தோற்றது. செல்வத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாட்டைக் கருதும்போது ஒரே ஒரு கோல் வித்தியாசம் பெருமைக்குரியது. அடுத்த பருவம் தொடங்குமுன் ஸ்ரீ பகாங் சூப்பர் லீக்கிலிருந்து விலகிற்று. பேராக் கழகமும் அவ்வாண்டே விலகியது. இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து வெட்டுவோருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் மிகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல கீழ்நாட்டு நகரங்களுக்கு இறங்கிவிட்டன. ஆனாலும் மலையில் தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. அப்பிள்ளைகள் மாலையில் பந்து உதைக்கிறார்கள். சட்டத்தால் அவர்களுக்குரிய பகாங்கும், சாலையால் அவர்களுக்கு அண்மையான பேராக்கும் 2025–26 பருவத்தின் சூப்பர் லீக் பட்டியலில் இடம்பெறவில்லை.